எலுமிச்சம்பழம் செருகிய விரல்

விரல்நுனி விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது எலுமிச்சம்பழத்தைத்தான். பழத்தின் ஒரு முனையைத் துளைத்து, கொஞ்சம் மஞ்சளும் உப்பும் உள்ளே தள்ளி, விரலை அதற்குள் செருகிவிடுவார் பாட்டி. அந்த ஒற்றை விரலைத் தூக்கிப் பிடித்தபடியே இரண்டு நாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். நகச்சுற்று என்றால் எலுமிச்சை என்பதை அறியாத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. நகத்தின் ஓரத்தில் வரும் வீக்கம் பெரும்பாலும் தானாகவே உடைந்து வடிந்துவிடும். பேர் பழத்துக்குப் போய்ச் சேரும். வடியாமல் உள்ளே இறங்கிய சீழ் என்ன செய்தது என்பதைப் பாட்டி சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு கணு குறைந்த விரலோடு ஊருக்கு நாலு பேராவது அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

விரல்நுனிச் சதை தொட்டால் மெத்தென்று இருக்கும். உள்ளேயோ, தோலிலிருந்து எலும்புவரை நார்த்தடுப்புகள் ஓடி, தேனடைபோல் அதைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது தோல் வழுக்கிக்கொண்டு போகாமல் இருப்பது இந்தத் தடுப்புகளால்தான். சீழ் கட்டும்போது அந்த வசதியே வினையாகிவிடுகிறது. விரிந்துகொடுக்க இடம் இல்லாததால் அறைகளுக்குள் அழுத்தம் ஏறும். முனையெலும்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் நசுங்கும். எலும்பின் நுனி பட்டுப்போய், சீழோடு சீழாகத் துணுக்குத் துணுக்காக வெளியேறும். மூட்டை ஒட்டிய அடிப்பகுதிக்கு ரத்தம் தரும் கிளை முன்னதாகவே பிரிந்துவிடுவதால் அது மட்டும் தப்பும். ஆறிய பிறகு விரல் குட்டையாக, மொழுக்கென்று இருக்கும். அந்த நாலு பேருக்கும் நடந்திருக்கக்கூடியது இதுதான்.

அன்று விரலோடு போனால் அதிர்ஷ்டம். 1847-இல் வியன்னாவில் யாகோப் கொல்லெட்ஷ்கா என்ற மருத்துவப் பேராசிரியர் பிணப் பரிசோதனையில் இருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலைக் கீறியது. அந்தச் சிறு கீறலிலிருந்து நஞ்சு உடம்பெங்கும் ஏறி அவர் இறந்துபோனார். பிரசவ வார்டில் தாய்மார்கள் சாவதும் இதே வகைச் சாவுதான் என்று அவர் நண்பர் செம்மெல்வைஸ் கண்டுகொண்டதும், கைகழுவச் சொல்லி மன்றாடியதும் அதிலிருந்து தொடங்கிய கதை. ஒரு விரல் கீறல் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்த காலம் அது. சிகாகோவைச் சேர்ந்த ஆலன் கானவெல் 1912-இல் கையின் தொற்றுகளுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. இறந்தவர்களின் கைகளில் திரவத்தைச் செலுத்தி, அது எந்த வழியாக எந்த அறைக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. பென்சிலின் மருந்தாகக் கைக்கு வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. எங்கே கீறினால் சீழ் வடியும், எங்கே கீறினால் கை முடமாகும் என்ற அறிவு ஒன்றுதான் மருத்துவரிடம் இருந்த மருந்து.

அந்தக் கீறலும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் விரல்நுனியைச் சுற்றி மீன் வாய் பிளந்ததுபோல் அகலமாகக் கீறிவிடுவார்கள். சீழ் நன்றாக வடியும், ஆனால் ஆறிய பிறகு நுனிச்சதை எலும்பின்மேல் நிலைகொள்ளாமல் ஆடும். ஊசி பிடிக்கவும் பொத்தான் போடவும் முடியாத விரலாகிவிடும். இன்று சீழ் மேலெழும்பி நிற்கும் இடத்தில் சின்னதாக ஒரு நேர்க்கீறல், சீழைப் பரிசோதனைக்கு அனுப்புவது, கிருமிக்கேற்ற மருந்து என்று முடிந்துவிடுகிறது. நீர்க்கொப்புளங்களாக வரும் ஒருவகை நகச்சுற்று ஹெர்பிஸ் வைரஸால் வருவது. அதைக் கீறவே கூடாது என்பதும் இன்று தெரியும். கட்டைவிரல் சூப்பும் குழந்தைகளுக்கு அது வரும்.

இவ்வளவு தெரிந்தும் எலும்புவரை இறங்கிய விரல்கள் இன்றும் மருத்துவமனைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. இன்று அவற்றை அழைத்து வருவது சர்க்கரை நோய். சர்க்கரை ஏறிய உடம்பில் கால்விரல் அழுகும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கைவிரலுக்கும் அது நேரும் என்பது அவ்வளவாகத் தெரியாது. மீன் முள் குத்தியது, தேங்காய் உடைக்கும்போது கீறியது என்று தொடங்கி, உணர்வு மங்கிய விரலில் ஒரு வாரம் கவனிக்கப்படாமல் கிடந்து, எலும்பில் போய் நிற்கும். அப்படி வருபவர்களில் பலர் முதலில் எலுமிச்சம்பழத்தில்தான் விரலைச் செருகியிருப்பார்கள். பழத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தின்றுவிடும் மூன்று நாளின்மேல்தான் கோபம்.

சீழ் எலும்புவரை போயிற்றா என்பதை இன்று எக்ஸ்ரே படத்தில் பார்க்கிறார்கள். மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவன் எலும்பை வெளியிலிருந்து பார்த்த முதல் சில எக்ஸ்ரே படங்களில் பேர் பெற்றது விரல் எலும்புகளின் படம்தான். 1895 டிசம்பர் 22 அன்று வில்ஹெல்ம் ரான்ட்ஜன் தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைத் தகட்டின்மேல் வைக்கச் சொல்லி எடுத்தார். விரல் எலும்புகள் வரிசையாக, அவற்றில் ஒன்றில் மோதிரம் மிதப்பதுபோல். தன் சாவையே பார்த்ததுபோல் அந்த அம்மாள் அஞ்சினார் என்று சொல்லப்படுவதுண்டு. விரலைக் காட்டிக்கொடுத்த அதே கதிர் விரலைத் தின்னவும் செய்தது. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று தங்கள் கையையே நாள்தோறும் நீட்டிப் பார்த்த தொடக்கக் காலத்தவர்களுக்குத் தோல் வெந்து, புண்ணாகி, புற்றாக மாறியது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி விரல்களில் தொடங்கி இரு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். இன்று நாம் 'ஒரு படம் எடுத்துடலாம்' என்று சாதாரணமாகச் சொல்வதற்கு முன்னால் இப்படிச் சிலர் கையைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் படம் இல்லாதவரை விரல் எலும்புக்குள் கட்டி இருக்கும் என்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஏனென்றால் கை எலும்புகளில் மிகுதியாகக் காணப்படும் கட்டி சத்தமே போடாதது. என்காண்ட்ரோமா என்று பெயர். எலும்பு வளர்ந்தபோது எலும்பாக மாறாமல் உள்ளே தங்கிவிட்ட குருத்தெலும்புத் துண்டு என்று அதை எளிமையாகச் சொல்லலாம். பெரும்பாலும் உள்ளங்கையை ஒட்டிய முதற்கணு எலும்பில் உட்கார்ந்துகொண்டு, உள்ளிருந்தபடியே எலும்பின் சுவரை அரித்து முட்டை ஓடு அளவுக்கு மெலிதாக்கிவிடும். அதுவரை வலி கிடையாது. ஒரு நாள் கிரிக்கெட் பந்து படும், அல்லது வாளியைத் தூக்கும்போது 'டக்'கென்று ஒடியும். இவ்வளவு லேசான அடிக்கா ஒடிந்தது என்று வியந்து படம் எடுத்தால், எலும்புக்கு நடுவே வெற்றிடம்போல் ஒரு நிழலும் அதில் பொரி தூவியதுபோல் சுண்ணப் புள்ளிகளும் தெரியும்.

அன்று இந்த நிழலைக் கண்டு பயந்து விரலையே எடுத்தவர்களும் உண்டு. 1943-இல் நியூயார்க்கின் ஹென்றி ஜாஃபியும் லூயி லிக்டென்ஸ்டைனும் ஒற்றையாக வரும் இந்தக் கட்டியின் குணத்தை விரிவாக எழுதியபிறகு, இது பொல்லாதது அல்ல என்ற நிம்மதி பரவியது. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து துண்டு வெட்டி வந்து அந்தக் குழியை நிரப்புவது வழக்கமானது. சுண்டுவிரலுக்காக இடுப்பில் ஒரு புண். விரல் ஆறிய பிறகும் இடுப்பு வலிக்கிறது என்பார்கள் நோயாளிகள். இப்போது கை அறுவை மருத்துவர்கள் பலர், சுரண்டிவிட்டுக் குழியை அப்படியே விட்டாலும் எலும்பு தானே நிரப்பிக்கொள்கிறது என்று கண்டு, நிரப்புவதையே விட்டுவிட்டார்கள். வலியில்லாமல், ஒடியும் ஆபத்தும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தட்டுப்பட்டதா? அதைத் தொடுவதே இல்லை, கண்காணிப்பார்கள். மருத்துவம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்ட இடங்களில் இது ஒன்று. எனக்கு அது பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

கண்காணிக்க வேண்டிய காரணமும் இருக்கிறது. பல எலும்புகளில் இதே கட்டி சிறுவயதிலிருந்தே முளைத்து, விரல்கள் கிழங்குபோல் முடிச்சு முடிச்சாகிவிடும் நோய்கள் இரண்டு. ஒன்று பிரெஞ்சு மருத்துவர் ஒல்லியேவின் பெயரிலும், கூடவே ரத்தக்குழாய்க் கட்டிகளும் வருவது, அதை 1881-இல் விவரித்த இத்தாலியர் மாஃபூச்சியின் பெயரிலும் வழங்குகின்றன. இவற்றில் புற்றாக மாறும் வாய்ப்பு ஒற்றைக் கட்டியைவிட எத்தனையோ மடங்கு கூடுதல். பெற்றோரிடமிருந்து வருவதும் அல்ல, பின் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 2011-இல்தான் விடை கிடைத்தது. கருவில் இருக்கும்போதே உடம்பின் ஒரு பகுதி உயிரணுக்களில் மட்டும் ஐடிஎச் என்ற மரபணு மாறிவிடுகிறது. 'கிரகணத்தன்று எதையோ நறுக்கினாள்' என்று தாயைக் குற்றம் சொன்ன வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

மற்ற கட்டிகளை வேகமாகக் கடக்கலாம். ரத்தம் நிரம்பிய பஞ்சுபோல் எலும்பை ஊதவைக்கும் அனூரிஸ்மல் நீர்க்கட்டி விரலில் அபூர்வம். அடிபட்டதன் விளைவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள், 2004-இல் அதற்கும் மரபணுக் காரணம் கண்டார்கள். ஊசியோ முள்ளோ நகத்தைத் துளைத்துப் போகும்போது தோலின் ஒரு துணுக்கை எலும்புக்குள் தள்ளிவிட்டுப் போவதுண்டு. அந்தத் துணுக்கு உள்ளேயே வளர்ந்து, பல ஆண்டு கழித்து நீர்க்கட்டியாக வெளிப்படும். எப்போதோ தையல் இயந்திரத்தில் மாட்டிய விரல் இது என்று நோயாளிக்கே நினைவு வர நேரமாகும். நுரையீரல் புற்று விரல்நுனி எலும்புக்குப் பரவுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் அது அப்படியே நகச்சுற்றுபோலவே சிவந்து வீங்கும். புகைபிடிப்பவரின் நகச்சுற்று மருந்துக்கு அடங்கவில்லை என்றால் இன்றைய மருத்துவர் படம் எடுக்கிறார். அன்று கீறிக் கீறிப் பார்த்தார்கள்.

குழந்தைகளின் விரலுக்கு வருகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் விரல் ஒன்று வலி இல்லாமல் நடுவில் பருத்து, இரு பக்கமும் ஒடுங்கி வளரும். சுளுக்கு என்று எண்ணெய் நீவுவார்கள். படத்தில் எலும்பு உள்ளே கரைந்து, வெளியே மெல்லிய ஓடு கட்டி ஊதியிருக்கும். காற்றடைத்த முள் என்று பொருள்படும் ஒரு பழைய லத்தீன் பெயர் இதற்கு உண்டு: ஸ்பைனா வென்டோசா. காற்றுமில்லை, முள்ளுமில்லை, காசநோய். சிறுவயதில் விரல் எலும்புக்குள் சிவப்பு மஜ்ஜை இருப்பதால் ரத்தத்தில் வரும் கிருமி அங்கே எளிதாகக் குடியேறிவிடுகிறது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் காட்டிய பிறகும், அறுபதாண்டுக்கு மேலாகக் கொடுக்க மருந்து இல்லை. வெயிலில் கிடத்தினார்கள், மீனெண்ணெய் ஊற்றினார்கள், கட்டுப்போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், சுரண்டினார்கள், கடைசியில் எடுத்தார்கள். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்த பிறகுதான் கத்தி பின்வாங்கியது.

மருந்து வந்தாலும் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தால்தான் பலிக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. ஏழை நாடுகளில் அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. நெரிசலான குடிசைகளில், அரைவயிறு சாப்பாட்டோடு இருந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானட்டோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு, இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமாகிறது என்றது. வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஆய்வு நுரையீரல் காசநோயைப் பற்றியதுதான். ஆனால் வீட்டில் வைத்தே வைத்தியம் பார்க்கலாம் என்ற துணிவு அங்கிருந்துதான் உலகமெங்கும் போனது. விரல் பருத்த பிள்ளை இன்று தாயின் மடியிலேயே இருந்து பல மாதங்கள் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறது என்றால் அதில் சென்னைக் குடிசைவாசிகளின் பங்கு இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இப்போது எலும்பிலிருந்து எடுத்த துணுக்கில் காசக்கிருமியின் மரபணு இருக்கிறதா, மருந்துக்கு அடங்குமா என்பதைச் சிபிநாட் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொல்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

விரல் எலும்பைப் பற்றி உலகம் தெரிந்துகொண்ட இன்னொரு பெரிய உண்மையும் தமிழ் மண்ணிலிருந்து போனதே. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எல்லாரும் நம்பினார்கள், மருத்துவர்களும் நம்பினார்கள். அந்தச் சதை கெட்ட சதை, அதை அறுத்தால் ஆறாது என்று எந்த அறுவை மருத்துவரும் தொடவில்லை. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் அந்தக் கைகளைப் பார்த்தார். முடங்கிய விரல்களுக்கு நடுவே சில தசைகள் முழு பலத்தோடு இருப்பதைத் தன் கையைப் பிடிக்கச் சொல்லி உணர்ந்தார். பலம் இருக்கிற தசைநாணை எடுத்து முடங்கிய விரலுக்கு மாற்றிக் கட்டினால் என்ன என்று கேட்டு, 1948-இல் செய்தும் காட்டினார். கெட்ட சதை என்று சொல்லப்பட்டது நன்றாகவே ஆறியது.

அப்படியானால் விரல் ஏன் குறைகிறது? பிராண்டும் அவர் கூட இருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாடத்தைத் துப்புத் துலக்குவதுபோல் பின்தொடர்ந்தார்கள். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள். துருப்பிடித்த சாவியை எலும்பு தெரியும்வரை திருகுகிறார்கள். வலி இல்லாததால் நிறுத்துவதில்லை. புண்ணில் சீழ் பிடித்து எலும்புக்குப் போகிறது. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இரவில் முழு விரலோடு படுத்தவர் காலையில் விரல்நுனி இல்லாமல் எழுந்ததற்குக் காரணம் தேடியபோது, தூங்கும்போது எலி கடித்துத் தின்றிருக்கிறது என்று தெரிந்தது. வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். இவ்வளவு நூற்றாண்டுச் சாபத்துக்கு ஒரு பூனை பாதி மருந்தாக இருந்திருக்கிறது. 1955-இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் இந்த அறிவு வேலைமுறையாகவே ஆனது: மரக்கைப்பிடி போட்ட கரண்டி, தடித்த பிடியுள்ள கருவிகள், நாள்தோறும் கையைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் தொழுநோய் குணமாகும் நோயாகிவிட்டது. 2005-இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனாலும் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்குமேல் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். கிருமி செத்த பிறகும் உணர்வு திரும்பாத விரல்கள் அவர்களில் பலருக்கு இருக்கும். பூனை தேவைப்படாமல் போகலாம். கரண்டிக்கு மரக்கைப்பிடி தேவைப்படும்.

வலி இல்லாத விரலைப் பற்றிச் சொன்னேன். வலியைத் தவிர வேறொன்றும் இல்லாத விரலும் உண்டு. நகத்துக்கடியில், மிளகளவோ அதைவிடச் சிறியதோ, க்ளோமஸ் என்ற கட்டி. வெளியே ஒன்றும் தெரியாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும். போர்வை உரசினால் தூக்கம் போகும். பெண்களிடம் இது கூடுதல். பாத்திரம் கழுவ மாட்டேன் என்று ஒரு மருமகள் சொன்னால் வீடு என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நடிப்பு என்றும் மனக்கோளாறு என்றும் பேர் வாங்கியவர்கள் இதில் ஏராளம். 1924-இல் பியேர் மசோன் அதன் உள்ளமைப்பை விளக்கினார். குண்டூசித் தலையால் நகத்தின்மேல் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தி, துடிக்கும் அந்த ஒரே புள்ளியைக் கண்டுபிடிக்கும் சோதனை பழையது, இன்றும் பலிப்பது. இன்று எம்.ஆர்.ஐ. படம் அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. சில நேரம் எக்ஸ்ரேயிலேயே முனையெலும்பில் பள்ளம் விழுந்திருப்பது தெரியும். கட்டியை எடுத்தால் அந்த வலி போய்விடுகிறது. பத்து வருஷமாகச் சொன்னதை ஒருவர் நம்பினார் என்பதும் மருந்துதான்.

அறுவை மேசையும் முன்புபோல் இல்லை. விரலில் மரத்துப்போகப் போடும் ஊசியோடு அட்ரினலின் கலந்து போடவே கூடாது, ரத்தம் நின்று விரல் கறுத்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக, ரத்தம் வராமலிருக்கக் கையை இறுகக் கட்டுவார்கள். அந்தக் கட்டின் வலி தாங்க முழு மயக்கம் கொடுப்பார்கள். பழைய காலத்தில் கறுத்த விரல்களுக்குப் பெரும்பாலும் காரணம், வைத்திருந்து புளித்துப்போன, புரோக்கேயின் என்ற பழைய மரப்பு மருந்து என்று பின்னால் தெரியவந்தது. கனடாவின் டொனால்ட் லலோண்டும் அவர் குழுவினரும் கையிலும் விரலிலும் அட்ரினலின் போட்ட 3,110 பேரைத் தொடர்ந்து கவனித்து, ஒரு விரல்கூடக் கறுக்கவில்லை என்று 2005-இல் எழுதினார்கள்.

அதனால் இன்று விரல் எலும்பிலிருந்து கட்டியைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி விழித்திருக்கலாம். இறுக்கிக் கட்டிய கட்டு இல்லை. குழியைச் சுத்தம் செய்தாயிற்று, ஒடிந்த இடத்தில் மெல்லிய கம்பியும் வைத்தாயிற்று. தைப்பதற்கு முன் மருத்துவர், "அம்மா, விரலை மடக்கிக் காட்டுங்க" என்கிறார். அந்த அம்மாள் தலையை லேசாகத் தூக்கி, திறந்து கிடக்கும் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு, மெதுவாக மடக்குகிறார்.